கட்டார் வேலை: மொத்தச் சம்பளத்தைப் பார்ப்பதா, அடிப்படைச் சம்பளத்தைப் பார்ப்பதா?

களுவாஞ்சிகுடியான்:

அனைவருக்கும் வணக்கம். கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆறு வருடங்களாகக் களஞ்சியத்தைப் பார்த்து வருகிறேன். டோஹாவில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு இரண்டு கம்பனிகள் என்னைத் தெரிவு செய்துள்ளன. முதலாவது கம்பனியில் மொத்தம் 2,200 றியால். அதில் அடிப்படைச் சம்பளம் 1,000, மிகுதி கொடுப்பனவுகள். இரண்டாவதில் மொத்தம் 2,100. ஆனால் அடிப்படை 1,600. இரண்டிலும் தங்குமிடம் கம்பனியுடையது. நூறு றியால் கூடுதலாகக் கிடைப்பதை ஏன் விடவேண்டும் என்று முகவர் கேட்கிறார். அம்மாவின் சங்கிலியை ஈடு வைத்துத்தான் புறப்பட வேண்டியிருப்பதால், அங்கிருந்து வந்தவர்களின் கருத்தை அறிந்த பிறகே பதில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அக்கரைப்பற்று டைம்கீப்பர்:

தம்பி, நீங்கள் சரியான இடத்தில்தான் தயங்கியிருக்கிறீர்கள். நம் நாட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டுவதுபோல, அங்கே நமக்கென்று எதுவும் சேர்வதில்லை. ஒரு வருடத்தைப் பூர்த்தி செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது மூன்று வாரச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். அந்த மூன்று வாரமும் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். கொடுப்பனவுகள் அதில் சேரா.

நான் போன காலத்தில் எனக்கு மொத்தம் 1,500, அடிப்படை 600. (2021 மார்ச்சிலிருந்துதான் அடிப்படை 1,000க்குக் குறையக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.) ஒன்பது வருடம் முடித்து ஊர் திரும்பும்போது, 1,500ஐ வைத்துக் கணக்குப் பார்த்து 9,450 றியால் வரும் என்று நம்பி, வீட்டுக் கூரைக்கு ஓட்டுக்கும் மரத்துக்கும் முற்பணம் கொடுக்கச் சொல்லியிருந்தேன். இறுதிக் கணக்குத் தாளில் 3,780 என்றிருந்தது. கணக்காளரில் பிழையில்லை. ஒவ்வொரு மாதமும் கையொப்பமிட்ட சம்பளத் துண்டில் 600 என்று அச்சிட்டிருந்ததை ஒன்பது வருடமாக நான்தான் பார்க்காமல் விட்டேன்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். பணிக்கொடை முதலாவதில் வருடத்துக்கு 700, இரண்டாவதில் 1,120, வித்தியாசம் 420. முகவர் சொல்லும் நூறு றியாலோ வருடத்துக்கு 1,200 ஆகிறது. ஆகவே பணிக்கொடையை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் மேல். தராசைச் சாய்ப்பது ஓவர்டைம். வாரம் 48 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு, அடிப்படைச் சம்பளத்தின்படி வரும் மணிக்கூலியோடு குறைந்தது 25 வீதம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது முதலாவதில் மணிக்கு 5.20 அளவிலும், இரண்டாவதில் 8.33 அளவிலும் வரும். இரண்டு இடத்திலும் ஓவர்டைம் ஒரே அளவு என்றால், மாதம் 21 மணித்தியாலத்துக்கு மேல் போனதும் இரண்டாவது முந்திவிடும். எனவே முகவரிடம் சம்பளத்தைக் கேட்காதீர்கள், வேலை நேரத்தைக் கேளுங்கள்.

கல்லடி வாசகி:

என் கணவரும் டோஹாவில் வேலை செய்வதால் ஒன்றைச் சொல்கிறேன். கொழும்பில் உள்ள கட்டார் விசா நிலையத்தில் மருத்துவப் பரிசோதனையும் கைரேகையும் முடித்து, அங்கே கையொப்பமிடும் ஒப்பந்தமே செல்லுபடியாகும். முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளில் 1,300 என்றிருந்த அடிப்படைச் சம்பளம், அங்கே 1,000 என்று வந்தது. இரவு பஸ்ஸில் தூக்கமில்லாமல் போய் வரிசையில் நின்ற களைப்பில் இவர் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் அந்த ஒரு வரியையாவது விரல் வைத்து வாசித்த பிறகு ஒப்பமிடுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு முடியாமல் விமானம் ஏறவும் வேண்டாம்.

செங்கலடிச் சிவா:

அண்ணன் சொன்ன கணக்குச் சரி. ஆனால் பதவியின் பெயரையும் பாருங்கள். என்னை ‘ஸ்டோர் இன்சார்ஜ்’ என்று எழுதிவிட்டு, பொறுப்பான பதவியில் இருப்பவருக்கு ஓவர்டைம் இல்லை என்று இரண்டு வருடம் சமாளித்தார்கள். எனக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. களஞ்சியத்தில் நானும் ஒரு பூனையும்தான்.

களுவாஞ்சிகுடியான்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி வேலை நேரத்தை விசாரித்தேன். இரண்டாவது கம்பனியின் களஞ்சியம் மாலை நான்கு மணிக்கே பூட்டப்படுமாம். ஓவர்டைம் மாதம் பத்து மணித்தியாலம்கூட வராது. முதலாவதில் 26 நாளும் தினம் இரண்டு மணித்தியாலம் நிச்சயம் உண்டு என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அங்கே மாதம் 2,470 வரையில் கையில் வரும். இரண்டாவதில் 2,185ஐத் தாண்டாது. முகவர் சொன்னதே கடைசியில் சரியாகிவிட்டது, காரணம்தான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மொத்தத்தை மாற்றாமல் கொடுப்பனவிலிருந்து 200ஐ அடிப்படைக்கு மாற்றித் தருமாறு முதலாவது கம்பனிக்கு எழுதினேன். நேற்று சம்மதித்துப் பதில் அனுப்பியிருக்கிறார்கள். பதவிப் பெயர் ‘ஸ்டோர் கீப்பர்’ என்றே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போகிறேன். 1,200 என்ற இலக்கத்தைக் கண்ட பிறகே ஒப்பமிடுவேன்.