ஒரே டீமில் ஒருதலைக் காதல்: பிளாக் பண்ண முடியாதபோது என்ன செய்வது?

தெற்குவாசல்:
விலகணும்னா பிளாக் பண்ணு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இருவரும் ஒரே டீம், தினமும் காலையில் மீட்டிங், வேலைக்கு ஒரே வாட்ஸ்அப் குரூப் என்றால்? காதலைச் சொன்னதற்கு வந்த பதில், "இப்போ அதைப் பத்தி யோசிக்கலை". இதை மறுப்பாக எடுப்பதா, காத்திருப்பதா? ஆறுதல் வேண்டாம், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்.

மணல்மேடு:
மறுப்புதான். தினமும் முகம் பார்க்க வேண்டியவரிடம் "பிடிக்கலை" என்று நேராகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. விருப்பம் இருந்தால் அவரே பேச்சை எடுப்பார்.

ஒருவரையே நினைத்து ஏங்கித் தவிக்கும் இந்த நிலைக்கு 'லிமரன்ஸ்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் டோரதி டென்னோவ். நம்பிக்கையும் சந்தேகமும் சேர்ந்தே இருக்கும்வரை இது அடங்காது என்பது அவர் கவனித்தது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்ற வைக்கும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டினார். பத்து மெசேஜ் போட்டால் ஒன்றுக்கு ஸ்மைலி வருவதும் அதே லாட்டரிதான். எனவே முதல் வேலை, சீட்டு வாங்குவதை நிறுத்துவது.

வாட்ஸ்அப்பில் அவருடைய தனி சாட்டை ஆர்க்கைவ் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'கீப் சாட்ஸ் ஆர்க்கைவ்டு' ஆனில் இருக்கட்டும். இல்லாவிட்டால் புது மெசேஜ் வந்ததும் மேலே ஏறிவிடும். ஸ்டேட்டஸையும் மியூட் செய்யுங்கள். அடுத்து, பிரைவசியில் உங்கள் லாஸ்ட் சீனை அவருக்கு மட்டும் மறைத்து, ஆன்லைனுக்கும் அதையே வையுங்கள். அப்போது அவருடையதும் உங்களுக்குத் தெரியாது. ராத்திரி 2 மணிக்கு 'ஆன்லைன்' இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கும் நோய்க்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

இன்ஸ்டாவில் போஸ்ட், ஸ்டோரி இரண்டையும் மியூட் செய்யலாம், அவருக்குத் தெரியவராது. பலரும் கோட்டைவிடும் இடம் நம்முடைய ஸ்டோரி. அவர் பார்த்தாரா என்று வியூ லிஸ்ட்டைத் திறப்பதும் கண்காணிப்புதான். உங்கள் ஸ்டோரியை அவருக்கு மறைத்துவிடுங்கள்.

கூடல்காற்று:
போனைச் சரிசெய்தால் பாதிதான் முடியும். நிறுத்திய புதிதில் ஏக்கம் குறையாது, கூடும். பரிசு நின்றவுடன் மூளை பழைய பழக்கத்தை இன்னும் வேகமாக முயன்று பார்க்கும். 'நமக்கு இது ஒத்துவரலை' என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

அப்போது சாக்குகள் கிளம்பும்: "ஒரு டவுட் கேக்கணும்", "பர்த்டே விஷ் மட்டும்". இதற்கு ஒரு சோதனை உண்டு. அந்த டவுட்டை டீமில் வேறு யாரிடமாவது கேட்க முடியுமா? முடிந்தால் அங்கே கேளுங்கள். அவரிடமே கேட்டாக வேண்டும் என்றால் குரூப்பில், எல்லார் முன்னாலும். கை பரபரத்தால் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு 20 நிமிடம் வேறு வேலை பாருங்கள். அந்த உந்துதல் ஏறும், உச்சம் தொடும், தானாக இறங்கும்.

அவருடைய வேலையை இழுத்துப் போட்டுச் செய்வது, அவர் கிளம்பும் நேரம் பார்த்து லிஃப்டுக்குப் போவது, அவருக்காக டீ பிரேக்கை மாற்றிக்கொள்வது: மூன்றையும் விடுங்கள். முதலாவதுதான் கஷ்டம், ஏனென்றால் அது உதவி மாதிரியே தெரியும்.

தெற்குவாசல்:
நன்றி. கடைசியாக ஒரே ஒரு முறை தெளிவாகக் கேட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடாதா?

கூடல்காற்று:
தீராது. "ஏன் பிடிக்கலை?" என்ற அடுத்த கேள்வி பிறக்கும்.

ஏழாம்படி:
சட்டமும் இருக்கிறது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 78-ன்படி குற்றம். முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை. அலுவலகத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு வேறு. 'ஒரே ஒரு முறை' என்பது கேட்பவர் கணக்கு, எதிரில் இருப்பவருக்கு அது எத்தனையாவதோ.

தூக்கம், சாப்பாடு கெட்டு வேலையே ஓடவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்ற நிலை வந்தால் இந்த செட்டிங்ஸ் எதுவும் போதாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மணல்மேடு:
ஒன்று விட்டுப்போச்சு. "இன்னைக்கு உன்னைப் பத்திக் கேட்டாங்கடா" என்று சேதி கொண்டுவரும் நண்பர் ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார். அவரிடமும் சொல்லி வையுங்கள். அவரை ஆர்க்கைவ் பண்ண முடியாது.