மைவி இன்ஜினில் கரி: ஃப்ளஷ் ஊற்றலாமா, சம்ப்பைக் கழற்ற வேண்டுமா?

செம்பனைச்சாலை:
வணக்கம். 2009 மைவி 1.3 ஆட்டோ, 1,90,000 கிலோமீட்டர். பெஸ்தாரி ஜெயாவுல தோட்டம், பள்ளிக்கூடம், பாசார்னு ஓடுற காடி. ஒரு நடைக்கு 4, 5 கிலோமீட்டர்தான். மினியாக் ஈத்தாம் (இன்ஜின் ஆயில்) ஊத்துற மூடியைத் திறந்தா உள்பக்கம் தார் மாதிரி கறுப்பா அப்பியிருக்கு. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறையுது. காலையில ஸ்டார்ட் பண்றப்ப புகை இல்ல, மேடு ஏறும்போது லேசா நீலப் புகை. ஆயில் விளக்கு இதுவரை எரியல. கீழே ஒழுகலும் இல்ல. இன்ஜினுக்குள்ள இருக்கிற கசடைக் கழுவுற ஃப்ளஷ் மருந்து 300 மில்லி டப்பா வாங்கி வச்சிருக்கேன். ஊத்திப் பத்து நிமிஷம் ஓடவிட்டா பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரிங் சரியாகுமா? வால்வுல இருக்கிற கரியும் போயிடுமா?

ரவாங் போமன்:
டப்பாவை இப்போதைக்கு அலமாரியிலேயே வைங்க தம்பி. ஆயில்ல கலக்குற மருந்து ஆயில் போற இடத்துக்கு மட்டும்தான் போகும். வால்வு கவருக்குள்ள, சம்ப்புல (அடியில ஆயில் தேங்குற தொட்டி), செயின் பக்கம், ரிங்குக்குப் பின்னால, அவ்வளவுதான். பிஸ்டன் தலையிலயும் இன்டேக் வால்வு முதுகிலயும் இருக்கிற கரியை அது தொடவே தொடாது. அதுக்கு பெட்ரோல்ல கலக்குற மருந்து இருக்கு. டப்பாவுல பாலிஈதர் அமீன்னு போட்டிருக்கான்னு பாருங்க. உங்க கே3-விஇ இன்ஜின்ல இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னாலயே பெட்ரோலைத் தெளிக்குது, அதனால அது வால்வைக் கழுவும். நேரடியா சிலிண்டருக்குள்ள அடிக்கிற புது இன்ஜின்கள்ல அந்த வேலை நடக்காது.

காலையில புகை இல்லாம மேட்டுல மட்டும் புகைன்னா வால்வு சீலை விட ரிங் மேலதான் எனக்குச் சந்தேகம். அடி ரிங், அதாவது ஆயிலை வழிக்கிற ரிங், அதோட பள்ளத்துல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். வழிச்ச ஆயில் அது வழியாத்தான் சம்ப்புக்குத் திரும்பணும். கரி அடைச்சா ஆயில் மேலே தங்கி எரியும்.

முதல்ல கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டர் அழுத்தத்தை, அளந்து பாருங்க. நாலு சிலிண்டர்ல எது மத்ததை விடப் பத்து விழுக்காட்டுக்கு மேல குறையுதோ, அதுல ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்க. அளவு ஏறினா ரிங் பக்கம்தான் கசிவு. ஏறலைன்னா வால்வு, இல்ல ஹெட் கேஸ்கெட். நாலும் நல்லா இருந்தும் ஆயில் குறையுதுன்னா அடி ரிங் மட்டும் அடைச்சிருக்கலாம், அது கம்ப்ரெஷன்ல தெரியாது.

மூடியில அப்பியிருக்கிறதையும் ஒரு ஐஸ்கிரீம் குச்சியால சுரண்டிப் பாருங்க. மெல்லிசா, கெட்டியா, பழுப்பா படிஞ்சிருந்தா பயமில்ல. வெண்ணெய் நிறத்துல நுரையா இருந்தா ஈரம், கூடவே கூலன்ட் குறையுதான்னு பாக்கணும். குச்சியில கறுப்பா கட்டியா வழிஞ்சு வந்தா, அந்த நிலையில ஃப்ளஷ் ஊத்துறதுதான் ஆபத்து. கரையாத துண்டுகள் பெயர்ந்து சம்ப்புல இருக்கிற ஆயில் உறிஞ்சும் வலையில போய் ஒட்டும். பம்ப்புக்கு ஆயில் வராது, பேரிங் போயிடும். வால்வு திறக்கிற நேரத்தை மாத்துற டிவிவிடி அமைப்போட ஆயில் வால்வுக்குப் போற சின்ன வடிகட்டியும் அடைக்கும்.

செம்பனைச்சாலை:
நன்றி அண்ணே. கறுப்பாதான் வழியுது, கொஞ்சம் கட்டியும் இருக்கு. கூலன்ட் குறையல. இங்க ஒரு பட்டறையில ஒரு லிட்டர் டீசல் ஊத்தி ஓட விட்டா எல்லாம் கழண்டு வந்துடும், செலவும் இல்லங்கிறாங்க. செய்யலாமா?

ஈஜோக் லோரி:
வேண்டவே வேண்டாம். உங்க இன்ஜினுக்கு மொத்தமே ஏறக்குறைய 3 லிட்டர் ஆயில்தான். அதுல ஒரு லிட்டர் டீசல் சேர்ந்தா ஆயில் தண்ணியா இளகிடும். கிராங்க் பேரிங்குக்கு நடுவுல நிக்க வேண்டிய படலம் நிக்காது. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் ஆயில் அழுத்தத்துலதான் இயங்குது, கடகடன்னு சத்தம் வந்துடும்.

ரவாங் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். அரை லிட்டர் குறையுற ரிங்குக்கு ஃப்ளஷை விட ஊறப்போடறதுதான் பலன். இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கும்போது காயில், பிளக் நாலையும் கழற்றுங்க. நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரா நாலை பிளக் ஓட்டையில விடுங்க (சாத்தே குச்சி வேண்டாம், முறிஞ்சு உள்ளே விழுந்தா பெரிய வேலை). கிராங்க் புல்லியை ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுத்துற திசையிலேயே மெல்லத் திருப்புங்க. நாலு ஸ்ட்ராவும் ஒரே உயரத்துக்கு வந்தா நாலு பிஸ்டனும் பாதி வழியில நிக்குதுன்னு அர்த்தம். அப்பத்தான் ஊத்துற மருந்து நாலு பக்கமும் ஒரே மாதிரி இறங்கும். பிஸ்டன் ஊறப்போடலாம்னு டப்பாவுலயே போட்டிருக்கிற மருந்தா பாத்து, ஒரு சிலிண்டருக்கு 30 மில்லி. ராத்திரி முழுக்க விடுங்க.

காலையில பிளக்கை மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. உள்ள மிச்சம் இருக்கிற திரவத்தை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துடுங்க, ஓட்டைகள் மேல பழைய துணி போடுங்க, பிளக் மாட்டாமலே ஸ்டார்ட்டரால ஐந்து ஐந்து விநாடியா மூணு தடவை சுத்த விடுங்க. முகத்தைப் பக்கத்துல கொண்டு போகாதீங்க. மருந்து சம்ப்புக்கு இறங்கியிருக்கும், அதனால இன்ஜினை ஓட்டுறதுக்கு முன்னாலேயே பழைய ஆயிலை வடிச்சாகணும்.

ரவாங் போமன்:
இது சரியான வரிசை, எப்படியும் அந்த ஆயில் வெளியே போறதுதானே. வடிச்ச கையோட சம்ப்பை இறக்குங்க. உறிஞ்சும் வலையைக் கழற்றி மண்ணெண்ணெயில ஊறவச்சு, நைலான் பிரஷால தேச்சு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. கண் ஒவ்வொண்ணும் திறந்திருக்கணும். திரும்ப மாட்டும்போதுதான் நிறைய பேர் கெடுக்கிறாங்க. கேஸ்கெட் சிலிகானை தாராளமா பிதுக்கிடுறாங்க, உள்பக்கம் பிதுங்கினது காஞ்சு உதிர்ந்து, கழுவின வலையையே போய் அடைக்குது. ரெண்டு முகத்தையும் துடைச்சு எண்ணெய் இல்லாம ஆக்குங்க. 3 மில்லிமீட்டர் கோடு போதும், போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா இழுங்க. ட்யூப்ல போட்டிருக்கிற நேரம் காயாம ஆயில் ஊத்தாதீங்க.

புது ஃபில்டர் போட்டு, சாதாரண மினரல் 10டபிள்யூ-30 ஊத்துங்க, விலை உயர்ந்தது இப்ப வேண்டாம். முதல் ஸ்டார்ட்டுல வெள்ளையா புகை கிளம்பும், வீட்டு வாசல்ல வேண்டாம், திடல் பக்கம் நிறுத்திக்குங்க. அப்புறம் ஈஜோக்குல லாத்தார் நெடுஞ்சாலை ஏறி அரை மணி நேரம் ஒரே சீரா ஓட்டுங்க. 1,500 கிலோமீட்டர்ல அந்த ஆயிலை மாத்தும்போதுதான் உங்க ஃப்ளஷ் டப்பாவுக்கு வேலை. ஆயில் அளவுக் குச்சியில எஃப் கோட்டுக்குக் கீழேயே இருக்கட்டும், 300 மில்லி சேர்ந்தாலும் கோட்டைத் தாண்டக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை சுத்தினதும் ஊத்துங்க. டப்பாவுல போட்டிருக்கிற நேரம் மட்டும் ஐடிலிங், ஏர்கான் நிறுத்திட்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்காதீங்க, காடியை நகர்த்தாதீங்க. ஆயில் விளக்கு மினுக்கினாலே சாவியைத் திருப்பி அணைச்சிடுங்க. சூடாவே வடிச்சு, இருபது நிமிஷம் சொட்ட விடுங்க.

பழைய கிராங்க் சீல்ல கசிவு ஆரம்பிக்கலாம். அது மருந்து உண்டாக்கின ஓட்டையா இருக்காது, இத்தனை நாள் கசடு அடைச்சிட்டிருந்த இடம்தான். சீல் மாத்த ஒரு தொகை ஒதுக்கி வைங்க.

தோட்டத்து மெக்கானிக்:
பிசிவி வால்வை, அதாவது இன்ஜினுக்குள்ள சேருற ஆவியை வெளியே விடுற வால்வை, யாரும் சொல்லவே இல்லையே. வால்வு கவர்ல இருக்கும், கழற்றி ஆட்டினா கிலுகிலுன்னு சத்தம் கேக்கணும். இன்ஜின் பக்கமிருந்து ஊதினா காத்து போகணும், எதிர்ப்பக்கம் போகக் கூடாது. அது அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி ஆயிலை மேலே தள்ளும், என்ன கழுவினாலும் திரும்பக் கரி கட்டும். ரப்பர் குழாய் விறைச்சிருந்தா அதையும் மாத்துங்க.

இன்னொரு காரணம் உங்க ஓட்டம். 5 கிலோமீட்டர்ல இன்ஜின் சூடேறி முடியறதுக்குள்ள அணைச்சிடுறீங்க. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாம ஆயில்லயே தங்கிடுது. பள்ளிக்கூட வாசல்ல ஏர்கான் போட்டு நிக்கிற நேரமும் மீட்டர்ல ஏறாது. அதனால கிலோமீட்டரை மட்டும் பாக்காதீங்க, 5,000 இல்லன்னா ஆறு மாசம், எது முதல்ல வருதோ அது. மூணாவது மாத்தலுக்கு அப்புறமும் அரை லிட்டரே குறைஞ்சா ரிங் தேஞ்சிருக்கு. மேல மேல மருந்து வாங்காதீங்க, ரிங் மாத்த அந்தக் காசை வைங்க.

வடிச்ச ஆயிலை கால்வாயில ஊத்திடாதீங்க. சுற்றுச்சூழல் சட்டத்துல அது எஸ்டபிள்யூ 305, அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. மூடியுள்ள டின்ல ஊத்தி, கழிவு ஆயில் சேகரிக்கிற பட்டறையில குடுத்துடுங்க. ஃபில்டரையும் வடிய விட்டு அங்கேயே குடுக்கலாம்.