எடிசனுக்குக் குடிவந்த கதை, பசங்க ஸ்கூல், அந்த பல்பு டவர் – உங்க அனுபவமும் சொல்லுங்க

நாங்க நியூஜெர்சி எடிசனுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஓக் ட்ரீ ரோடுல இட்லி மாவு கிடைக்கும், பக்கத்துல மெட்ரோபார்க்ல ட்ரெயின் ஏறினா நியூயார்க் ஆபீஸ், எனக்குத் தெரிஞ்ச எடிசன் அவ்வளவுதான். பையன் நாலாவது படிக்கறப்ப ஊரைப் பத்தி ஒரு ப்ராஜெக்ட் குடுத்தாங்க, அதுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை கிறிஸ்டி ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். 131 அடி டவர், உச்சியில பெரிய பல்பு. 1876ல விஞ்ஞானி தாமஸ் எடிசன் லேப் போட்ட மென்லோ பார்க் இதுதான், 1879ல அவரோட மின்சார பல்பு எரிஞ்சதும் இங்கதான். லேப் எங்கப்பான்னு பையன் கேக்கறான், லேப் இல்ல! மிச்சம் மீதி இருந்ததை எல்லாம், அந்த மண்ணைக்கூட, கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு மிச்சிகனுக்குக் கொண்டு போயிட்டாராம். பையன் முகம் வாடிப்போச்சு.

அப்ப நாயோட வாக்கிங் வந்த ஒரு பெரியவர் நின்னு பேசினார். "நான் பொறந்தப்ப இது எடிசனே இல்ல, ராரிடன் டவுன்ஷிப்"னார். 1870ல உட்பிரிட்ஜ்லேர்ந்தும் பிஸ்காட்டவேலேர்ந்தும் பிரிச்சு உண்டாக்கின ஊராம், 1954லதான் எடிசன்னு பேர் மாறியிருக்கு. அவங்கப்பா ஃபோர்டு பேக்டரியில வேலை, அது 1948ல வந்தது, அப்புறம் வயலா இருந்த இடமெல்லாம் வரிசையா வீடு, வீடு வந்தா பசங்க, பசங்க வந்தா ஸ்கூல் வேணும்ல. 1956ல எடிசன் ஹை ஸ்கூல், அதுவும் பத்தாம 1964ல ஜே.பி. ஸ்டீவன்ஸ் ஹை ஸ்கூல். பேக்டரி 2004ல மூடிட்டாங்க, அந்த இடத்துல இப்ப கடைங்க, ஆனா ஸ்கூல் ரெண்டும் நிக்குது. பையன் இதை எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தான், பெரியவர் ஸ்பெல்லிங் சொல்லிக் குடுத்தார்.

---

அக்கா, படிக்கவே சந்தோஷமா இருக்கு. நாங்க மதுரையிலேர்ந்து வந்தப்ப ஸ்கூல் பீஸ் எவ்வளவுன்னுதான் முதல்ல கேட்டேன், பீஸே கிடையாதுன்னதும் நம்பல. வீட்டு வரியிலதான் பெரும்பாலும் ஸ்கூல் ஓடுது, எந்தத் தெருவுல இருக்கோமோ அதை வச்சுதான் எந்த ஸ்கூல்னு, அதனால லீஸ் பேப்பர், கரண்ட் பில், தடுப்பூசி கார்டு மூணையும் முதல்ல எடுத்து வைங்க புதுசா வர்றவங்க.

ஒரு தடவை ஸ்கூல் போர்டு மீட்டிங் போனேன். ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டு எடுத்த ஆளுங்க வரிசையா உக்காந்திருக்காங்க, யார் வேணா மைக்ல பேசலாம். வரி ஏறுறதைப் பத்தி ஒவ்வொருத்தரா சண்டை. கடைசியா ஒரு வயசான அம்மா எழுந்து, எனக்கு இங்க பேரப்பசங்ககூட இல்ல, ஆனா என் பசங்க படிச்சப்ப வேற யாரோ வரி கட்டினாங்க, இப்ப என் முறைன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. வெளிய வந்து அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன், என்ன சொல்றதுன்னே தெரியல.

---

2014 மார்ச்ல ஜேம்ஸ் மன்ரோ எலிமெண்டரி ஸ்கூல் எரிஞ்சது ஞாபகம் இருக்கா? சனிக்கிழமை ராத்திரி, நல்லவேளை பசங்க யாரும் இல்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணு அங்கதான் படிச்சா, வேற கட்டடத்துல கிளாஸ் வச்சாங்க. நாங்க எங்க தெருவுல வீடு வீடா போய் கதைப்புத்தகம் சேர்த்தோம், குஜராத்தி வீடு, சீனாக்காரங்க வீடு, தெரு முனையில ரொம்ப வருஷமா இருக்கற ஒரு தாத்தா, யாரும் இல்லைன்னு சொல்லல. கார் டிக்கி நிறைஞ்சுது, ரெண்டு தடவை போயிட்டு வந்தேன்.