சூரியனுக்கும் கோள்களுக்கும் நீள்குவியத் தொலைநோக்கி: மன்னார்குடிக்கு எது பொருந்தும்?

கேள்வி (மன்னார்குடியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். 2024 மே மாதம் பெரும் காந்தப்புயலை எழுப்பிய கரும்புள்ளிக் கூட்டத்தைக் கிரகணக் கண்ணாடி அணிந்து, வேறு கருவி எதுவுமின்றிப் பார்த்த நாளிலிருந்து, சூரியனை ஒழுங்காகத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. இரவில் வியாழனையும் சனியையும் பார்க்க வேண்டும் என்பது அதைவிடப் பழைய ஆசை. மங்கலான விண்முகில்களையும் விண்மீன் மண்டலங்களையும் தேடும் நோக்கம் எனக்கு இல்லை. ஆகவே ஒளிவிலகல் தொலைநோக்கி, அதிலும் குவியத்தூரம் நீண்டது, எனக்குப் பொருந்தும் என்று படித்தவற்றிலிருந்து முடிவு செய்திருக்கிறேன்.

என் முன்னே மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தெரிந்தவர் ஒருவர் விற்க முன்வந்திருக்கும் பழைய ஜப்பானியக் குழாய், 80 மி.மீ. வில்லை, 1200 மி.மீ. குவியத்தூரம், மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) இல்லை. இரண்டாவது, எளிதில் கிடைக்கும் புதிய 102 மி.மீ., 1000 மி.மீ. தொலைநோக்கி. மூன்றாவது, பிரெஸ்ஸர் நிறுவனத்தின் 102 மி.மீ., 1350 மி.மீ. குழாய், இதை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், செலவும் கூடும். எங்கள் வீட்டில் மொட்டைமாடி உண்டு, பின்கட்டில் சிறிது வெற்றிடமும் உண்டு. வடக்கே தென்னந்தோப்பு. பின்னாளில் ஹைட்ரஜன் ஆல்ஃபா எனப்படும் குறுகிய சிவப்பு ஒளியிலும் சூரியனைப் பார்க்க வாய்ப்பு வேண்டும் என்று நினைக்கிறேன். எதை வாங்குவது, எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி (கும்பகோணத்திலிருந்து)

வணக்கம் ஐயா. தாங்கள் குறிப்பிடும் 80க்கு 1200 வகைக் குழாய் ஒன்றைப் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வருகிறேன். அதை விற்கும் எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இருந்தும், மவுண்டைப் பற்றி யோசிக்காமல் அதை வாங்கிவிடாதீர்கள் என்றே சொல்வேன்.

குவியத்தூரம் நீள்வதால் என்ன கிடைக்கிறது என்பதை முதலில் கணக்காகப் பார்த்துவிடலாம். இரண்டு கண்ணாடிகளால் ஆன சாதாரண வில்லையில் எல்லா நிறங்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. எஞ்சும் விலகல் குவியத்தூரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மறுபுறம், கண் வேறுபாடு உணராமல் ஏற்கும் குவிய ஆழம், குவிய விகிதத்தின் (குவியத்தூரத்தை வில்லையின் விட்டத்தால் வகுத்த எண்) இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. தங்கள் 80 மி.மீ. குழாயின் விகிதம் 15, அதாவது எஃப்/15, அதன் நிறவிலகல் 0.6 மி.மீ., குவிய ஆழமோ கால் மி.மீ., அதாவது விலகல் ஆழத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 102க்கு 1350இல் இது மூன்றரை மடங்கு. 102க்கு 1000இல் ஐந்தை நெருங்கிவிடும். வியாழனின் விளிம்பைச் சுற்றித் தெரியும் ஊதா வளையத்தின் அளவு இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. குவிய ஆழம் அதிகமாக இருப்பதன் மற்றொரு நன்மை, காற்று கலங்கும் இரவுகளில் குவியம் சரிசெய்யும் குமிழை ஓயாமல் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது. விலை குறைந்த பிளாசல் வகை ஐபீஸ்கூட (கண் வைத்துப் பார்க்கும் வில்லைத் தொகுதி) எஃப்/15 குழாயில் ஓரம் வரை தெளிவாகக் காட்டும்.

ஆனால் சூரியனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சூரியன் ஒளிக்குப் பஞ்சமில்லாத பொருள். பச்சை நிறத்தில் ஒரு குறுகிய பட்டையை மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டுவிட்டால் நிறப்பிழை என்ற கேள்வியே எழாது. எஃப்/10 குழாயும் அங்கே எஃப்/15 குழாயோடு சமமாக நிற்கும். ஆகவே நீளத்துக்காகத் தாங்கள் கொடுக்கும் விலை முழுவதும் கோள்களுக்கானது. 25ஆம் சூரியச் சுழற்சி 2024இல் உச்சத்தை எட்டி இப்போது இறங்குமுகத்தில் இருப்பதால், வரும் ஆண்டுகளில் கரும்புள்ளிகள் குறைந்துகொண்டே போகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இனி மவுண்ட். 17ஆம் நூற்றாண்டில் நிறப்பிழையைக் குறைப்பதற்காகவே வானியலாளர் ஹெவேலியஸ் ஏறத்தாழ 46 மீட்டர் நீளத் தொலைநோக்கி ஒன்றைக் கட்டினார்; சிறு காற்றுக்கும் ஆடியதால் அது பெரிதாகப் பயன்படவில்லை. 1.2 மீட்டர் குழாயிலும் அதே சிக்கல் சிறிய அளவில் இருக்கிறது. ஆடிக்காற்றில் மெலிந்த முக்காலி மீது வைத்தால், 120 மடங்கு உருப்பெருக்கத்தில் சனி ஒரு நொடிகூட நிலைத்து நிற்காது.

அதைவிட முக்கியமானது நம் அட்சரேகை. மன்னார்குடி வடக்கே 10.7 பாகையில் இருக்கிறது. கோள்கள் பல நேரங்களில் நம் தலைக்கு நேர் மேலே வருகின்றன. 2027 பிப்ரவரியில் வியாழன், செவ்வாய் இரண்டும் எதிர்நிலைக்கு (வானில் சூரியனுக்கு நேரெதிரே) வரும்போது நள்ளிரவில் உச்சிக்கு மிக அருகில் நிற்கும். ஐரோப்பியர்களுக்குக் கிடைக்காத பெரும் பேறு இது, ஏனெனில் நாம் பார்ப்பது மிக மெல்லிய காற்றடுக்கின் வழியே. ஆனால் குழாய் உச்சியை நோக்கி நிற்கும்போது ஐபீஸ் மவுண்டின் அச்சுக்கு முக்கால் மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. வழக்கமான உயரமுள்ள முக்காலியில் வைத்தால் தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மவுண்டின் தலை குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; அவ்வளவு உயர்த்தினால் முக்காலி ஆடும். நான் தடித்த பிவிசி குழாயை நிறுத்தி, உள்ளே கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்பித் தூணாக்கிக் கொண்டேன். குழாய்க்குச் செலவழித்த பணத்தைவிட அந்தத் தூணுக்குச் செலவழித்த பணமே எனக்கு அதிகம் தெரியக் காட்டியது.

துருவ அச்சுள்ள மவுண்ட் (ஓர் அச்சை வடதுருவத்தை நோக்கிச் சாய்த்து வைப்பது) வாங்குவதாக இருந்தால், அதன் சாய்வை 11 பாகை வரை இறக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பல மவுண்ட்கள் குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 15 அல்லது 20 பாகைக்குக் கீழே வருவதில்லை. வந்தாலும் எதிரெடை மாட்டும் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, கம்பிக்குக் கீழே இரு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி வருமாறு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். துருவ விண்மீன் தங்கள் தென்னந்தோப்புக்குப் பின்னால்தான் இருக்கும், தெரியாது. திசைகாட்டி போதும், நம் பகுதியில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து மிகச் சிறிதே விலகியிருக்கிறது.

மறுமொழி (தஞ்சாவூரிலிருந்து)

முந்தைய மறுமொழியில் கூறப்பட்டவற்றை ஏற்கிறேன். இருப்பினும் ஒரு மாற்றுக்கருத்தைப் பதிவு செய்வது நேர்மை என்று கருதுகிறேன். கோள்கள்தான் முதன்மை என்றால், 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தூரமும் உள்ள டாப்சோனியன் வகை (எளிய பெட்டித் தாங்கியில் நிற்கும்) ஆடித் தொலைநோக்கியை ஏன் விலக்கிவிட்டீர்கள்? 80 மி.மீ. வில்லை பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி 1.45 வில்விநாடி (ஒரு வில்விநாடி பாகையில் 3600இல் ஒரு பங்கு); 150 மி.மீ. ஆடிக்கு அது 0.77. நிறப்பிழை அறவே இல்லை. ஐபீஸ் குழாயின் மேல்முனையில் இருப்பதால் உச்சியைப் பார்க்கும்போதும் நின்றபடியோ உயர்ந்த இருக்கையில் அமர்ந்தோ பார்க்கலாம். முகப்பில் சூரிய வடிகட்டித் தாள் பொருத்தினால் பகலிலும் பயன்படும். ஆடியின் ஒழுங்கை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும் என்பது உண்மையே, ஆனால் அது ஒரு வாரத்தில் கைவந்துவிடும் வேலை.

மறுமொழி (நாகப்பட்டினத்திலிருந்து)

தஞ்சை நண்பர் கூறுவது இரவைப் பொறுத்தவரை சரி. நானும் ஆடித் தொலைநோக்கியிலிருந்துதான் தொடங்கினேன். ஆனால் கடற்காற்று படும் எங்கள் ஊரில் ஆடியின் அலுமினியப் பூச்சு சில ஆண்டுகளிலேயே மங்கிப் புள்ளி விழுந்தது. மன்னார்குடி கடலிலிருந்து தள்ளியிருப்பதால் உப்பு அவ்வளவு எட்டாது என்றாலும், ஈரப்பதம் டெல்டா முழுவதற்கும் பொதுவானது. வில்லைக்கு அதனால் வரும் கேடு பூஞ்சை. மார்கழி, தை மாதப் பனியில் வில்லை நனைந்திருக்கும்போது மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது. அறைக்குள் கொண்டுவந்து, வில்லையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தானாக உலர்ந்த பிறகே மூட வேண்டும். பெட்டியில் சிலிகா ஜெல் எப்போதும் இருக்கட்டும். அந்தப் பழைய ஜப்பானியக் குழாயை வாங்குவதற்கு முன், வில்லையின் பின்பக்கத்திலிருந்து கைவிளக்கு அடித்து, இரு கண்ணாடிகளுக்கும் இடையே சிலந்திவலை போன்ற இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சூரியனுக்கு வருகிறேன். பகலில் தெளிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வில்லையின் விட்டம் அன்று, சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றுதான். மொட்டைமாடியின் கான்கிரீட் காலை ஒன்பது மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும்; அதன் பிறகு சூரிய விளிம்பு கொதிக்கும் பால் போல நெளியும். உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரியின் நடுவே ஒரு தீவில் அமைத்ததற்குக் காரணம், நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்று அவ்வளவு எளிதில் கலங்குவதில்லை என்பதே. நமக்கு அந்த வசதியை ஆறு தருகிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் வயலில் நீர் நிற்கும் மாதங்களில், கிழக்கே வயல்வெளி இருக்கும் இடத்திலிருந்து காலை ஏழரை முதல் ஒன்பது வரை நான் கண்ட சூரியப் பரப்பு, அறுவடை முடிந்து தரை வெடித்துக் கிடக்கும் பங்குனியில் ஒருநாளும் கண்டதில்லை. தங்கள் ஊரிலேயே ஹரித்ராநதித் தெப்பக்குளம் இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் நின்று காலையில் நீருக்கு மேலாகக் கிழக்கே பார்க்கலாம். கரும்புள்ளியின் கருநிழலைச் சுற்றியுள்ள அரைநிழலின் இழைகளும், காற்று அமைதியடையும் நொடிகளில் பரப்பின் குருணை அமைப்பும் (கொதித்தெழும் வாயுவின் சிறு மணிகள்) 102 மி.மீ. வில்லையில் தெரியும். குருணை ஒவ்வொன்றும் ஒரு வில்விநாடியைச் சற்றே தாண்டும் அளவுதான் என்பதால், 80 மி.மீ. அங்கே திணறும்.

கொடைக்கானலில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனை வெள்ளொளியில் படமெடுக்கப் பயன்படும் கருவியும் 15 செ.மீ. விட்டமுள்ள ஒளிவிலகல் தொலைநோக்கிதான். அந்த மலையில் 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கரும்புள்ளியின் அரைநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். நம் சிறு கருவியில் அந்த அரைநிழலைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

மறுமொழி (திருச்சிராப்பள்ளியிலிருந்து)

கருவியைப் பற்றிப் பலரும் சொல்லிவிட்டார்கள். கண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டும். சிறுவயதில் எனக்குக் கிடைத்த 60 மி.மீ. தொலைநோக்கியோடு, ஐபீஸில் திருகிப் பொருத்தும் கருப்புக் கண்ணாடி ஒன்றும் வந்தது. ஒருநாள் தம்பி கூப்பிட்டான் என்று திரும்பிய அந்தக் கணத்தில் அது வெப்பத்தால் படீரென வெடித்தது. கண் அங்கே இருந்திருந்தால் இன்று இதை எழுத முடியாது. பழைய ஜப்பானியக் கருவிகளோடு இத்தகைய கண்ணாடி அடிக்கடி வரும். தங்களுக்கு வரும் பெட்டியிலும் இருந்தால், வேறு யார் கையிலும் சிக்காதவாறு நொறுக்கிப் போடுங்கள்.

பாதுகாப்பான வழிகள் மூன்றே. ஒன்று, வில்லைக்கு முன்னால் முழுவதும் மூடும் வடிகட்டித் தாள். பாடர் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் தாளில் கண்ணால் பார்ப்பதற்கான வகை ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். படமெடுப்பதற்கென விற்கும், ஒளியைக் குறைவாகத் தடுக்கும் வகை கண்ணுக்கு ஆகாது. தாளைப் பொருத்திய வளையம் காற்றில் கழன்றுவிடாதபடி ஒட்டுநாடாவால் கட்ட வேண்டும். இரண்டாவது ஹெர்ஷல் வெட்ஜ். அதன் ஆப்பு வடிவக் கண்ணாடி ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டு ஒளியை மட்டும் ஐபீஸுக்குப் பிரதிபலித்து, எஞ்சியதைப் பின்னால் வெளியேற்றிவிடும். அதற்கு மேல், ஒளியை ஆயிரத்தில் ஒன்றாக்கும் சாம்பல் வடிகட்டியும் கட்டாயம் வேண்டும். தாளைவிடத் தெளிவாகக் காட்டுவது இதுதான். ஆனால் ஒளிவிலகல் தொலைநோக்கியில் மட்டுமே பயன்படுத்தலாம், ஆடித் தொலைநோக்கியில் கூடவே கூடாது. தங்கள் தேர்வை நியாயப்படுத்தும் வலுவான காரணம் எனக்கு இதுவாகவே படுகிறது. மூன்றாவது, வெள்ளைத்தாளில் பிம்பத்தை வீழ்த்துவது. 2019 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரில் வளையக் கிரகணம் தெரிந்தபோது, தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவ்வாறுதான் காட்டினேன். அதற்கு ஒட்டு வில்லைகளோ பிளாஸ்டிக் பாகங்களோ இல்லாத பழைய ஹைஜன்ஸ் ஐபீஸ் நல்லது. மற்றவை வெப்பத்தில் கெட்டுவிடும். எந்த வழியானாலும், தேடுநோக்கியின் (குழாயின் மேலுள்ள சிறு தொலைநோக்கி) மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். கருவியைத் தனியே விட்டுத் தண்ணீர் குடிக்கக்கூடப் போகாதீர்கள்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா பற்றி ஒரு சொல்: டேஸ்டார் குவார்க் போன்ற கருவியினுள் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பெருக்கி இருக்கிறது. 1200 மி.மீ. குழாயில் அதைப் போட்டால் குவியத்தூரம் ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். சூரியனின் ஒரு மூலைதான் தெரியும், நம் பகல்காற்று அதைத் தாங்காது. அந்த ஆசைக்குப் பின்னாளில் குட்டையான குழாய் ஒன்றைத் தனியே வாங்குவதே சரி.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அந்தப் பழைய குழாயைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். இரு கண்ணாடிகளுக்கும் இடையே ஓரத்தில் இழைகள் தெரிந்தன, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 102க்கு 1350 குழாய், அதற்கு உறுதியான மவுண்ட், வடிகட்டித் தாள் என்று தொடங்கி, ஹெர்ஷல் வெட்ஜை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறேன். தூணை மொட்டைமாடியில் கட்டுவதா, பின்கட்டில் கட்டுவதா என்பது மட்டும் தீரவில்லை. மாடியில் வானம் திறந்திருக்கிறது. பின்கட்டில் மண்தரை, ஆனால் கிழக்கே வீட்டுச் சுவர் மறைக்கிறது.

மறுமொழி (கும்பகோணத்திலிருந்து)

பின்கட்டில் கட்டுங்கள் ஐயா. மாடியில் யார் நடந்தாலும் அந்த அதிர்வு ஐபீஸில் தெரியும்; பகலெல்லாம் குடித்த வெயிலை மாடித்தளம் இரவு பத்து மணி வரை உமிழ்ந்துகொண்டிருக்கும். கோள்கள் உச்சியில் நிற்பதால் கிழக்குச் சுவர் இரவில் தடையில்லை. காலைச் சூரியனுக்கு, முக்காலியோடு தெப்பக்குளக் கரைக்குப் போய்விடலாம். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் குழாய் வந்து சேரட்டும். ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அதை உச்சிக்கு நேரே நிமிர்த்தி, டயகனலும் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் பாகம்) ஐபீஸும் பொருத்தி, தாங்கள் உட்காரப்போகும் நாற்காலியிலேயே அமர்ந்து பாருங்கள். கழுத்து நோகாமல் பார்க்க முடியும் நிலையில் குழாயின் சமநிலைப் புள்ளி எங்கே நிற்கிறதோ அந்த உயரத்தைச் சுவரில் கோடிட்டு, மவுண்டின் உயரத்தை அதிலிருந்து கழித்துத் தூணின் அளவைக் கொத்தனாரிடம் சொல்லுங்கள்.