‘என்’ தட்டினால் ‘ல’ விழுந்த இரவு: கணினியில் இசை நோட்டு ஏற்றும்போது நீங்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

யீஷூன் கீபோர்டு:

ஏப்ரலில் சிங்கப்பூர்த் தமிழ் மொழி விழாவுக்கு எங்கள் சமூக மன்றத்துப் பிள்ளைகள் ஒரு பாட்டு வாசிக்கிறார்கள். ஆறு வயலின், இரண்டு கிளாரினெட், ஒரு மிருதங்கம். எல்லாருக்கும் கணினி மென்பொருளில் இசை நோட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. மறுநாள் ஒத்திகை, நான் உட்கார்ந்ததோ இரவு பதினொன்றரைக்கு. முதல் பதினாறு பார் (தாளக் கட்டம்) சரசரவென்று போனது. நடுவில் பாட்டு வரியை ஸ்டேவுக்கு (நோட்டு எழுதும் ஐந்து கோடு) கீழே தமிழில் தட்டிவிட்டு மறுபடி சுரம் ஏற்ற வந்தால் ஒன்றுமே ஏறவில்லை. ‘என்’ (N) தட்டினேன், சுரம் ஏற்றும் நிலையான நோட் இன்புட் திறக்கவில்லை. மவுஸால் திறந்துவிட்டு சி, டி, ஈ தட்டினேன். ம்ஹூம். ஆனால் 5 தட்டினால் கிராச்செட் (ஒரு தட்டு நீள நோட்டு), 4 தட்டினால் குவேவர் (அதில் பாதி) என்று மேலே பொத்தான் மட்டும் ஒழுங்காக மாறுகிறது. எண் வேலை செய்கிறது, எழுத்து வேலை செய்யவில்லை. அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மூடித் திறந்தேன், கோப்பை வேறு பெயரில் சேமித்துப் பார்த்தேன், கடைசியில் மென்பொருளையே அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினேன். மணி ஒன்று.

இணையத்தில் தேடலாம் என்று பிரௌசரில் ‘நோட்’ (note) என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘லடேஊ’ என்று வருகிறது! வரி தட்டுவதற்காகத் தமிழ்99-க்கு மாற்றியவன் திரும்ப மாற்றவே இல்லை. அந்த விசைப்பலகையில் ‘என்’ இருக்கும் இடம் ‘ல’, ‘சி’ இருக்கும் இடம் ‘ஒ’, ‘ஜி’ இருக்கும் இடம் ‘எ’. அத்தனை நேரமாக நான் மென்பொருளிடம் ‘ஒ, எ, அ’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், பாவம், அதற்கு என்ன புரியும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்துத் தட்டியதும் சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் வரியைத் தனிக் கோப்பில் அசை பிரித்துத் தட்டி வைத்துக்கொண்டு, சுரம் முழுக்க ஏற்றிய பிறகு ஒட்டுகிறேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். நான் மட்டும்தான் முட்டாளா என்று தெரிய வேண்டும்.

ஜூரோங் அப்பா:

உங்களுக்கு ஏறவில்லை, எனக்கு இரண்டிரண்டாக ஏறியது. வீட்டு டிஜிட்டல் பியானோவைக் கணினியோடு இணைத்து ஒரு சி அழுத்தினால் இரண்டு சி. நாலு நோட்டு வாசித்தால் இரண்டு பார் நிரம்பிவிடும். கேபிள் மேல் சந்தேகப்பட்டு, சனிக்கிழமை கூட்டத்தில் சிம் லிம் ஸ்குவேர் போய்ப் புதுசு வாங்கி வந்தேன், அதிலும் இரண்டு. பிறகு பார்த்தால், மகள் பியானோ ஓசையோடு வயலின் ஓசையும் சேர்ந்து வரட்டும் என்று டூயல் போட்டு வைத்திருக்கிறாள். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நிலையில் அது ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு மிடி (இசைக்கருவி கணினியோடு பேசும் முறை) சேனலில் செய்தி அனுப்புகிறது. டூயலை அணைத்ததும் ஒன்றே ஒன்று விழுந்தது. கேபிள் காசு போனது போனதுதான்.

இன்னொன்று. ரெக்கார்டிங் மென்பொருள் ஏதாவது பின்னால் திறந்திருந்தால், விண்டோஸில் பல நேரம் அது மிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதுக்குத் தராது. கீபோர்டு செத்துவிட்டது என்று பதறுவதற்கு முன் அதை மூடிப் பாருங்கள்.

நாலுகட்டை வயலின்:

தம்பி, நீங்கள் மட்டும் இல்லை. நான் பிள்ளைகளுக்குச் சரளி வரிசையை ஸ்டேவில் எழுதிக் கொடுப்பேன், பள்ளி பேண்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் கண்ணுக்குப் பழக்கம். மாயாமாளவகௌளை ராகத்தில் சி-யை ஸ என்று வைத்தால் ரி என்பது டி ஃபிளாட் (அரைச் சுரம் இறங்கிய டி), த என்பது ஏ ஃபிளாட். மிடியில் வாசித்து ஏற்றினேன், ரி எல்லாம் சி ஷார்ப்பாக (அரைச் சுரம் ஏறிய சி) வந்து நின்றது. மென்பொருளைக் குற்றம் சொல்லவும் முடியாது, மிடிக்கு எண் மட்டும்தான் தெரியும், 61 என்றால் சி ஷார்ப்பும் அதுதான், டி ஃபிளாட்டும் அதுதான். காதுக்கு வித்தியாசமே இல்லை. காகிதத்தில் ‘ஸ ரி ஸ’ என்பது சி, சி ஷார்ப், சி நேச்சுரல் என்று மூன்றும் ஒரே இடத்தில், ஷார்ப் குறியும் அதை நீக்கும் நேச்சுரல் குறியும் அப்பிக்கொண்டு. மேலே போவதா அங்கேயே நிற்பதா என்று தெரியாமல் பிள்ளைகள் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும். இப்போது டி, ஏ இரண்டுக்கு மட்டும் ஃபிளாட் போட்ட கீ சிக்னேச்சரை (வரித் தொடக்கத்தில் வரும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) நானே உருவாக்கி வைத்திருக்கிறேன். மிடியை விட்டுவிட்டு எழுத்தாகவே தட்டுகிறேன், டி தட்டினால் தானே ஃபிளாட்டாக விழுகிறது.

அப்புறம் இந்த ப விவகாரம். ஸ-விலிருந்து ப-வுக்குத் தாவினால் ப கீழ் ஸ்தாயியில் போய் விழுகிறதா? ரொம்ப நாள் அதைக் கோளாறு என்றே நினைத்தேன். முந்தைய நோட்டுக்கு எது பக்கமோ அங்கே வைப்பதுதான் அதன் வழக்கம். சி-யிலிருந்து மேலே போனால் ஜி ஐந்தாவது, கீழே வந்தால் நாலாவது, அதனால் கீழே வைக்கிறது. என்னுடையதில் கன்ட்ரோலோடு மேல் அம்பைத் தட்டினால் ஏறிவிடும். நம் பாட்டில் ஸ-ப தாவல் எத்தனை இருக்கும், அத்தனைக்கும் தட்ட வேண்டியதுதான்.

பழைய ஃபினாலேக்காரன்:

ஃபினாலே என்ற நோட்டு எழுதும் மென்பொருளை நிறுத்துகிறோம் என்று 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம் அறிவித்ததும் நான் டோரிகோ என்ற இன்னொன்றுக்கு மாறினேன். ஃபினாலேயில் 5 கிராச்செட், மியூஸ்ஸ்கோரிலும் 5, டோரிகோவில் 6, சிபேலியஸ் கீபேடில் 4. மூளை மாறிவிட்டது, விரல் மாறவில்லை. முதல் மாதம் நான் எழுதியதெல்லாம் பாதி நேரத்தில் ஓடி முடிந்தது. விசைகளை மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு என்னவோ அது தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரி இருக்கிறது.

யீஷூன் கீபோர்டு:

அக்கா, அந்த ப விஷயம் எனக்கும் புதுசு, நான் இதுவரை ஒவ்வொன்றாக மவுஸால் இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி எதையாவது தட்டினால் சரியாகாதா என்று கண்ட விசையையெல்லாம் தட்டினேன், அதில் எதுவோ என்னை இரண்டாவது வாய்ஸுக்கு (அதே ஸ்டேவில் எழுதும் இன்னொரு குரல்) கொண்டுபோய்விட்டிருக்கிறது. பதினேழாவது பாரிலிருந்து ஏற்றிய கிளாரினெட் பகுதி முழுக்க அதில். திரையில் நோட்டைத் தேர்ந்தெடுத்தால் நீலத்துக்குப் பதில் பச்சையாகத் தெரிந்திருக்கும், தூக்கக் கலக்கத்தில் யார் பார்த்தார்கள். அச்சில் எல்லாம் கறுப்புதான். முதல் வாய்ஸில் ஒன்றும் இல்லாததால் முழு பார் ரெஸ்ட் (சும்மா இரு என்ற குறி) அப்படியே மேலே நிற்கிறது, அதற்குக் கீழே நோட்டுகள், தண்டெல்லாம் கீழ்நோக்கி. கிளாரினெட் வாசிக்கும் பையன் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, “சார், இந்த பாரில் வாசிக்கணுமா, சும்மா இருக்கணுமா?” என்று கேட்டான். வீட்டுக்கு வந்து இரண்டு வாய்ஸையும் இடம் மாற்றி, மிச்ச ரெஸ்டுகளை அழித்தேன். அன்றைக்கு அங்கே பென்சிலால் இருபத்திரண்டு ரெஸ்டை அடித்துக் கொடுத்தேன், இரண்டு காகிதத்திலும்.