கசூ ஊதிச் சிறுவர் பாண்ட் நடத்தலாமா?

மயிலிட்டிப் பெடியன்:
சனசமூக நிலைய ஆண்டு விழா ஊர்வலத்துக்குச் சின்னப் பிள்ளைகளின் பாண்ட் ஒன்று வேண்டுமாம். ட்ரம்பெட் விலையைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இங்கிலாந்து நியூகாசிலில் இருக்கிற மாமி, "இங்கத்தைய சுரங்க ஊர்ப் பிள்ளையள் சின்னக் குழல் ஒன்றை வாயில வச்சுக்கொண்டு மார்ச் போனவை, அதைச் செய்யுங்கோ" என்கிறார். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீரிமலை ரீச்சர்:
தம்பி, மாமி சொல்வது சரி. அது கசூ. பூவரசம் இலைப் பீப்பீ போல ஊதினால் சத்தம் வராது, வாயில் வைத்துப் பாட்டை முனக வேண்டும். உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு அதிர்ந்து குரலைக் கரகரப்பாக்கும். சுரம் படிக்கத் தேவையில்லை, பாட்டுத் தெரிந்தால் போதும்.

1926இல் தென் வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர் ஏறக்குறைய ஏழு மாதம் வேலையின்றிக் கிடந்தபோது பெரியவர்களே வேடம் போட்டு, கசூ ஊதித் தெருவில் போனார்கள். பித்தளை வாத்தியத்துக்குக் காசு ஏது? பிறகு அது பிள்ளைகளின் கைக்குப் போய், 1970களில் வடகிழக்கு இங்கிலாந்தில் டர்ஹம் பக்கமும் வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலும் ஊருக்கு ஊர் இருந்தது. ஜாஸ் பாண்ட் என்பார்கள், ஜாஸ் மருந்துக்கும் கிடையாது.

ஆனால் கசூவை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வெட்டவெளியில் எடுபடாது. பெரிய ட்ரம் ஒன்றும் இரண்டு சைட் ட்ரமும் இல்லாவிட்டால் பத்து அடி போவதற்குள் வரிசை கலைந்துவிடும்.

நெல்லியடி அக்கா:
அந்தப் பிள்ளைகளின் பாண்டுகளுக்கு வைத்த போட்டிகளில் பாட்டை விடக் காலடிக்கும் உடுப்புக்கும்தான் மதிப்பு. டிஷ் மர்த்தா என்ற புகைப்படக் கலைஞர் 1979இல் இவற்றைப் படம் பிடித்து, பிள்ளைகளைப் பட்டாளம் போலப் பழக்குவதாகச் சாடினார். சீருடையும் அணிநடையும் நாங்கள் பார்த்தது காணாதா?

கீரிமலை ரீச்சர்:
பிள்ளை, நியாயமான பேச்சு. அவருடைய படங்களில் எனக்குப் பிடித்தவை, பாண்டில் இடம் கிடைக்காத பிள்ளைகள் தெருவில் தங்கள் பாட்டுக்கு நடத்தும் விளையாட்டுப் பாண்ட். தம்பி, வந்த பிள்ளைகள் எல்லோரையும் சேருங்கள். சீருடை வேண்டாம், ஆளுக்கொரு வேடம் கட்டட்டும்.

மயிலிட்டிப் பெடியன்:
வேடம் என்றால் பெடியள் பாய்ந்து விழுந்து வருவார்கள். பெரிய ட்ரமுக்கு என்ன செய்வது, ரீச்சர்?

கீரிமலை ரீச்சர்:
வீட்டில் ஒன்று கிடக்கிறது. ஒரு பக்கத் தோல் கிழிந்துவிட்டது. ஞாயிறு பின்னேரம் வந்து தூக்கிக்கொண்டு போங்கோ, தோல் மாற்றுகிற செலவு உங்களுடையது.