பாம்பார் தண்ணீர் வரும் கண்மாய்களில் மீன் மாதிரி: பாதரசத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

வராகக்கரை:
வணக்கம். பெரியகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பாதரசக் கழிவால் சுற்றுப்புறத்தைக் கெடுத்த கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. ஆனால் அந்த மேட்டிலிருந்து வழியும் தண்ணீர் பாம்பார் சோலை வழியாக இறங்கி, கும்பக்கரையில் விழுந்து எங்கள் பக்கம்தான் வருகிறது. பேரிஜம், குக்கல் ஏரிகளோடு ஒப்பிட்டுக் கொடை ஏரி மீனைச் சோதித்த ஆய்வு 2006-இல் வந்தது. கீழே இருக்கும் கண்மாய் மீனைப் பற்றி யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மாணவி ஒருத்தி, "அக்கா மாசமா இருக்கா, கண்மாய் மீன் குடுக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். அவளுக்கு எண்ணோடு பதில் சொல்ல விரும்புகிறேன். இருக்கிற பணத்துக்கு 40 சோதனைதான் செய்ய முடியும். ஐந்து இடங்களில் தண்ணீர், சேறு, மீன் மூன்றும் எடுக்கலாமா?

பழைய ஆய்வகத்தான்:
டீச்சர், தண்ணீரையும் சேற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 40-ஐயும் மீனுக்கே வையுங்கள். தண்ணீரில் பாதரசம் நானோகிராம் கணக்கில் இருக்கும். பாட்டிலில் ஒட்டிய தூசியே முடிவைக் கெடுத்துவிடும். மக்கள் சாப்பிடுவது மீனின் சதை. பதில் அங்கேதான் இருக்கிறது.

வலை போடுவதற்கு முன் வீடுகளுக்குப் போங்கள். எந்த மீன், எவ்வளவு பெரியது, வாரம் எத்தனை நாள், ஒரு ஆளுக்கு எத்தனை துண்டு? இதைக் கேட்காமல் எடுத்த மாதிரியை வைத்து அறிக்கை எழுதலாம், அந்த அக்காவுக்கு ஆலோசனை சொல்ல முடியாது.

விராலில் தொடங்குங்கள். மற்ற மீனைத் தின்னும் மீன் அது, பாதரசம் சேர்வது அதில்தான் அதிகம். அடுத்து கெளுத்தி. பாசி தின்னும் ஜிலேபியில் பொதுவாகக் குறைவு. ஒரே இனத்தில், ஒரே அளவில் ஐந்து மீனின் சதையைச் சம எடையில் சேர்த்து அரைத்து ஒரு மாதிரியாக்குங்கள். அதில் மிகச் சிறியது, மிகப் பெரியதன் நீளத்தில் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது: பெரியது 40 செ.மீ. என்றால் சிறியது 30. பெரிய விராலை மட்டும் தனித்தனியாகச் சோதியுங்கள். சராசரியில் மறைந்துவிடக் கூடாதது அதுதான். ஆலை இருந்த மேட்டுத் தண்ணீர் வராத ஓர் இடமும் ஒப்பீட்டுக்கு வேண்டும், ராயப்பன்பட்டி சண்முகாநதி அணை மாதிரி.

மீனின் உடலில் சேரும் நச்சு வடிவம் மெத்தில் பாதரசம், அதைத் தனியாக அளக்கச் செலவு அதிகம். மொத்தப் பாதரசம் போதும், பெரிய மீனின் சதையில் இருக்கும் பாதரசத்தில் பெரும்பகுதி மெத்தில்தான். முடிவை ஈர எடைக்கா உலர் எடைக்கா தருகிறார்கள் என்று சோதிக்கும் ஆய்வகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், இரண்டையும் குழப்பினால் நாலைந்து மடங்கு வித்தியாசம் வரும். பாதரச அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட மீன் சதை மாதிரி ஒன்றையும் கூடவே சோதிக்கச் சொல்லுங்கள். உடைந்த தெர்மாமீட்டர் கிடக்கும் கல்லூரி ஆய்வகத்தில் மீனை அறுக்கவே அறுக்காதீர்கள்.

வலைக்காரன்:
டீச்சர், ஒண்ணு விட்டுப்போச்சு. கட்லா, ரோகு எல்லாம் குத்தகைக்காரர் குஞ்சு விட்டு வளர்ப்பது, பல கண்மாயில் ஒரு வருஷத்துக்குள் பிடித்துவிடுவார்கள். அதற்குள் என்ன சேரும்? சேற்றில் பதுங்கி வருஷக்கணக்கில் கிடப்பது விராலும் கெளுத்தியும்தான். சந்தையில் வாங்காதீர்கள், ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீனும் அங்கே இருக்கும். கரையில் வலை இழுக்கும்போது கூடவே நின்று வாங்குங்கள். எந்தக் கண்மாய் போன கோடையில் வற்றியது என்றும் கேளுங்கள். வற்றின கண்மாயில் பெரிய மீன் வயசானதாக இருக்காது.

வராகக்கரை:
ரொம்ப நன்றி அய்யா, அண்ணே. வற்றிய கதையை நான் யோசிக்கவே இல்லை. தோலை உரித்து, கொழுப்பை எடுத்து, நன்றாக வேகவைத்தால் பாதரசம் குறையுமா? வீடுகளில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பழைய ஆய்வகத்தான்:
குறையாது. சதையின் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது, குழம்பு வைத்தாலும் வறுத்தாலும் அப்படியேதான் இருக்கும். அதனால் எந்த மீன், எவ்வளவு என்பதைத்தான் மாற்ற முடியும். கணக்கு இப்படி: உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-இல் வைத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 55 கிலோ பெண்ணுக்கு 88 மைக்ரோகிராம். மீனில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் வாரம் 440 கிராம், 0.5 இருந்தால் 176 கிராம்தான். 15 கிலோ குழந்தைக்கு 0.2 இருக்கும் மீனே வாரம் 120 கிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அளவுகோல் இதில் பாதிக்கும் குறைவு. கர்ப்பிணிகளுக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

முடிவு வந்ததும் "விரால் வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மாசமாக இருப்பவளுக்கு மீன் நல்ல சாப்பாடு. எந்த மீனைத் தைரியமாகச் சாப்பிடலாம் என்று பெயர் சொல்லுங்கள். வீடுகளுக்குப் போகும்போது கிராமச் செவிலியரையும் அழைத்துப் போங்கள், எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.



வராகக்கரை:
செவிலியரிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார். கேள்விப் பட்டியலை இங்கேயே போடுகிறேன், பார்த்துத் திருத்துங்கள்.